புதிய தொட்டி, சாகும் மீன்கள்: கண்ணாடிக்குள் நடப்பது என்ன?

சனிக்கிழமை மாலை. குடும்பத்தோடு மீன் கடைக்குப் போகிறார்கள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி, மோட்டார் வைத்த வடிகட்டி, காற்றுக் குழாய், நீலமும் சிவப்புமாக வண்ணக் கற்கள், வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் சிப்பி ஒன்று. பிள்ளைகள் கை காட்டக் காட்ட, தங்க மீன், மோலி, கப்பி என்று ஒரு டஜன் பைக்குள் ஏறுகின்றன. அன்று இரவே வரவேற்பறையில் தொட்டி விளக்கு எரிகிறது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் ஒரு குறையும் இல்லை. உணவைத் தூவியதும் மீன்கள் ஓடி வருகின்றன. புதன்கிழமை ஒரு மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. வியாழக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை, "அம்மா, இது ஏன் ஒரு பக்கமாப் படுத்திருக்கு?" என்று கேட்கிறது. அடுத்த வாரத்துக்குள் பாதி மீன்கள் போய்விடுகின்றன.

சிங்கப்பூரில் எத்தனையோ வீடுகளில் நடக்கும் கதை இது. நாய் வளர்க்க உரிமம் வேண்டும். வீவக வீடுகளில் பூனைக்கு 2024 செப்டம்பர் வரை அனுமதியே கிடையாது. மீனுக்கு அப்படி எந்தக் கெடுபிடியும் இல்லை. லிம் சூ காங், சுங்கை தெங்கா வட்டாரங்களில் அலங்கார மீன் பண்ணைகள் இருக்கின்றன. அலங்கார மீன் ஏற்றுமதியில் உலகின் முன்னணி இடங்களில் ஒன்று இது. நல்ல மீன் கிடைப்பதில் குறை இல்லை. பிறகு ஏன் வீட்டுக்கு வந்ததும் அவை சாகின்றன?

பல வீடுகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கும். "கடைக்காரன் சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்பார் அப்பா. தொட்டி வைத்த திசை சரியில்லை என்பார் மாமா. பாட்டியின் பதிலோ எல்லாவற்றையும் மிஞ்சும்: "வீட்டுக்கு வர இருந்த கண் திருஷ்டிய அது வாங்கிக்கிச்சு. நல்லதுன்னு நினைச்சுக்க." அடுத்த வீட்டுச் சீனக் குடும்பத்திலும் அரோவானா இறந்தால் இதே போன்ற ஆறுதலைச் சொல்வதுண்டு. துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வார்த்தை இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். காரணம் தெரிந்துவிட்டதாக வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஆறு மீன்கள் அதே தண்ணீரில் இறங்குகின்றன. அவையும் சாகின்றன. மூன்றாவது முறைக்குப் பிறகு, "நம்ம வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டி மாடிப்படி ஓரத்துக்குப் போய்விடுகிறது.

மீனுக்கு நோயும் இல்லை, ராசிக் குறைவும் இல்லை. புதிய தொட்டியில் இறக்கும் மீன்களில் பெரும்பாலானவை தங்கள் கழிவிலேயே நஞ்சேறி இறக்கின்றன. அந்த நஞ்சுக்கு நிறம் கிடையாது. பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் அது நிறைந்திருக்கலாம்.

ஒரு கிராம் உணவின் கணக்கு

மீன் உண்ணும் உணவில் புரதம் அதிகம். புரதம் செரித்த பின் மிஞ்சும் கழிவை மனிதன் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறான். மீன் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. சுற்றிலும் தண்ணீர்தானே? அம்மோனியாவாகவே, பெரும்பாலும் செவுள் வழியாக, நேரே நீரில் விட்டுவிடுகிறது. மீனின் மலத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டால் தொட்டி சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கழிவின் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு வெளியேறுகிறது.

எவ்வளவு? கடைகளில் விற்கும் குருணை உணவு பலவற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம். அப்படிப்பட்ட உணவு ஒரு கிராம் போட்டால், அதாவது ஏறத்தாழ அரைத் தேக்கரண்டி, அதிலிருந்து சுமார் 35 மில்லிகிராம் அம்மோனியா நீரில் சேரும். மீன் வளர்ப்புப் பண்ணைகள் வடிகட்டியின் அளவை முடிவுசெய்யப் போடும் கணக்குதான் இது. இரண்டடித் தொட்டியில் கல், மணல் போக ஏறத்தாழ 50 லிட்டர் நீர் பிடிக்கும். ஆக, ஒரு நாளைக்கு ஒரு கிராம் போட்டால் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் கூடுகிறது. மூன்று நாளில் 2 மில்லிகிராம். பிள்ளைகள் ஆசையாகக் காலையும் மாலையும் தூவினால், மீன் தின்னாமல் கல்லிடுக்கில் விழுந்த உணவும் அழுகிச் சேர்ந்துகொண்டால், ஒரு வாரத்தில் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன்கிழமை மூச்சுத் திணறலின் காரணம் புரிந்துவிடும்.

ஆற்றிலும் குளத்திலும் இதே மீன் இதே கழிவைத்தான் விடுகிறது. அங்கே நீரின் அளவு பெரிது. சேறு, பாசி, செடிகள் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அம்மோனியா எல்லா நேரத்திலும் ஒரே அளவுக்குக் கொல்வதில்லை. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அதனால் அவ்வளவு தீங்கில்லை. மற்றது அம்மோனியா வாயு. செவுளைத் தாண்டி இரத்தத்துக்குள் புகுவது இதுதான். நீர் காரத்தன்மை பக்கம் சாயச் சாய இந்த இரண்டாவது வடிவம் கூடும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் அளவு 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 என்றால் நூற்றில் ஆறேழு பங்கு ஆகிவிடும். அளவுகோலில் ஒரே ஒரு படி ஏற்றம். நஞ்சு ஏறத்தாழப் பத்து மடங்கு. நம் ஊர் வெப்பமும் அதற்குத் துணை போகிறது. குளிர் நாட்டுப் புத்தகங்களில் 20 டிகிரிக்குச் சொல்லப்படும் பாதுகாப்பான அளவு இங்கே பாதுகாப்பாக இருக்காது. அழகுக்காகத் தொட்டியில் கொட்டப்படும் பவளத் துண்டுகளும் கிளிஞ்சல்களும் நீரின் காரத்தன்மையை மெல்ல ஏற்றிக்கொண்டே போகும் என்பது பலருக்குத் தெரியாது. அவை கடல் மீன் தொட்டிக்குரியவை.

வாளியில் பிடித்து வைத்த நீர்

"குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஊற்றினால் போதும்." மீன் வளர்த்த ஒவ்வொரு மூத்தவரும் சொல்லும் அறிவுரை இது. நீரில் குளோரின் மட்டும் கலக்கப்படும் இடத்தில் இது சரியான அறிவுரைதான். குளோரின் ஒரு நாளில் பெருமளவு ஆவியாகிப் போய்விடும். ஆனால் சிங்கப்பூரில் தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபி, நீர் குழாய் வழியே வீடு வந்து சேரும்வரை கிருமி அண்டாமல் காக்கக் குளோரமைனைப் பயன்படுத்துகிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள் அது. எளிதில் ஆவியாகாது, அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் வாளியில் வைத்தாலும் அதில் கணிசமான பங்கு அப்படியே இருக்கும்.

நாம் குடிக்கும் நீரில் அது இருப்பதால் நமக்குத் தீங்கில்லை. நம் வயிற்றில் அது சிதைந்துவிடுகிறது. மீனுக்கு நிலைமை வேறு. அதன் செவுளில் நீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே இருப்பது மிக மெல்லிய தோல் மட்டுமே.

கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் 'ஆன்டி-குளோரின்' சொட்டு மருந்து இதற்குத்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான வகைகளில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். அது குளோரமைனை உடைத்துக் குளோரினை அழித்துவிடும். கூட இருந்த அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடும். மீனை இறக்குவதற்கு முன்பே தொட்டியில் கொஞ்சம் அம்மோனியா வந்து உட்கார்ந்துவிடுகிறது. குளோரமைன், அம்மோனியா இரண்டையும் கட்டுப்படுத்தும் என்று புட்டியில் குறிப்பிட்டிருக்கும் வகையை வாங்குவது நல்லது. புட்டியின் பின்பக்கத்தைப் படிக்க அரை நிமிடம் ஆகும்.

உறை மோர் இல்லாத பால்

குளத்தில் இருந்து, தொட்டியில் இல்லாமல் போன அந்த இன்னொன்றுக்கு வருவோம். அது பாக்டீரியா. கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இவை மீனுக்கு உயிர் காப்பவை. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு தீங்கானது அல்ல. வாரம் ஒரு முறை கொஞ்சம் நீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். செடிகள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும்.

மண்ணில் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890ல் ஸூரிக் நகரில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. மீன் தொட்டியிலும் அதே வகைகள்தான் வேலை பார்க்கின்றன என்று நூறாண்டு காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. 1998ல் திமத்தி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, நைட்ரைட்டை உண்பது புத்தகங்கள் சொன்ன நைட்ரோபேக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று தெரியவந்தது. 2015ல் இன்னொரு வியப்பு. அம்மோனியா முதல் நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே உயிரே செய்யும் வகைகளை ஐரோப்பிய ஆய்வுக் குழுக்கள் இரண்டு கண்டறிந்தன. அவற்றுள் ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்பு நீர்ச்சுழற்சி அமைப்பு ஒன்றின் வடிகட்டி!

இந்த உயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் கற்களின் மேலும் கண்ணாடியிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. தொட்டியைத் தொட்டால் வழுவழுப்பாக இருக்குமே, அதற்குள்தான் இருக்கும். வடிகட்டி அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இவற்றின் குடியிருப்பு.

கடையில் வாங்கி வந்த வடிகட்டிக்குள் இருப்பது வெறும் பஞ்சு. குடியேற வேண்டியவர்கள் இன்னும் வரவில்லை. காற்றிலிருந்தும் செடியிலிருந்தும் மீனின் உடலிலிருந்தும் ஒன்றிரண்டாக வந்து பெருகுவார்கள். அந்தப் பெருக்கம் மிக மெதுவானது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவுக்கு ஓர் இரவு போதும். இவை ஒருமுறை இரட்டிப்பாகவே பல மணி நேரம், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். போதுமான கூட்டம் சேர பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை அந்தத் தொட்டி, உறை மோர் ஊற்றாத பால். எவ்வளவு நேரம் மூடி வைத்தாலும் தயிராகாது, கெட்டுத்தான் போகும்.

இந்த ஒப்புமையிலேயே தீர்வும் இருக்கிறது. அண்டை வீட்டில் உறை மோர் வாங்குவது போல, பல மாதங்களாக மீன்கள் நலமாக வாழும் தொட்டி ஒன்றிலிருந்து வடிகட்டிப் பஞ்சில் ஒரு பகுதியை வாங்கி வந்து புதிய வடிகட்டியில் வைத்துவிட்டால் வாரங்கள் நாட்களாகக் குறையும். பழைய தொட்டியின் நீரை ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவதில் அதிகப் பயனில்லை. உயிர்கள் இருப்பது பஞ்சில். அந்தப் பஞ்சு வழியில் காயக்கூடாது. நோய் இல்லாத தொட்டியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத் தேவையில்லை. கடைகளில் புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாவில் சில பலன் தருகின்றன, சில வெறும் கலங்கல் நீர். புட்டியை நம்பி முதல் நாளே பத்து மீன் இறக்குவது சூதாட்டம்.

இரண்டாவது கண்டம்

முதல் வாரத்தைத் தாண்டிய மீன்கள் பிழைத்துவிட்டதாகக் குடும்பம் நிம்மதி அடைகிறது. மூன்றாவது வாரத்தில் மறுபடி சாவு. "நல்லாத்தானே இருந்துச்சு!" என்று வீடே திகைக்கிறது.

அம்மோனியாவை உண்ணும் கூட்டம் முதலில் பெருகும். அதனால் அம்மோனியா இறங்கும். ஆனால் அந்தக் கூட்டம் வெளியிடும் நைட்ரைட்டை உண்ண வேண்டிய இரண்டாவது கூட்டம் இன்னும் தயாராகவில்லை. இரண்டிலிருந்து நான்காவது வாரம்வரை நைட்ரைட் ஏறிக்கொண்டே போகும். அது செவுள் வழியே புகுந்து, இரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினை முடமாக்கிவிடும். இரத்தம் சிவப்பு மாறிப் பழுப்பாகிவிடும். இறந்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சாக்லெட் நிறம் தெரியும். காற்றுக் குழாய் கொப்புளமாய்க் காற்று விட்டுக்கொண்டிருக்கும். நீரில் உயிர்வாயுவுக்குக் குறைவே இருக்காது. ஆனாலும் மீன் மூச்சுமுட்டிச் சாகும். காற்று குறைவு என்று நினைத்து இன்னொரு மோட்டார் வாங்கிவைப்பவர்கள் உண்டு. அதனால் பயனில்லை.

இதற்கு ஓர் எளிய முதலுதவி சமையலறையில் இருக்கிறது. உப்பு. நைட்ரைட்டும் உப்பில் உள்ள குளோரைடும் செவுளில் ஒரே வாசல் வழியாக நுழைபவை. குளோரைடு அதிகம் இருந்தால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. 10 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 1 கிராம் உப்பு போதும். இந்த அளவை நன்னீர் மீன்கள் தாங்கும். கையால் அள்ளிக் கொட்டாமல், தனிக் குவளையில் கரைத்து ஊற்ற வேண்டும். உப்பு நஞ்சை நீக்குவதில்லை, உள்ளே போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். நீரை மாற்றும் வேலை அப்போதும் உண்டு.

காப்பாற்றப் போய்க் கெடுப்பது

இந்த ஆறு வாரங்களில் மீனைக் கொல்வது அறியாமை மட்டுமல்ல, அளவு கடந்த அக்கறையும்தான்.

புதிய தொட்டியின் நீர் சில நாட்களில் பால் கலந்தது போல் வெண்மையாகக் கலங்கும். வேறு வகைப் பாக்டீரியாக்கள், மிஞ்சிய உணவைத் தின்று திடீரெனப் பெருகுவதால் வரும் கலங்கல் அது. உணவைக் குறைத்து விட்டுவைத்தால் தானாகத் தெளியும். ஆனால் வீட்டில் யாருக்குப் பொறுமை? ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழிவறைக்குத் தூக்கிச் சென்று, எல்லா நீரையும் கொட்டி, கற்களை வெந்நீரில் அலசி, வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் வெள்ளைவெளேரென்று பிழிந்து, சிலர் சோப்பும் போட்டுத் தேய்த்து, புது நீர் நிரப்புகிறார்கள். அத்தனை நாள் மெல்ல மெல்லக் குடியேறிய உயிர்கள் குளோரமைன் நீரில் போய்விட்டன. தொட்டி பளபளக்கிறது. மீனுக்கோ மறுபடி முதல் நாள். சில வீடுகளில் மாதம் தவறாமல் இந்தச் சடங்கு நடக்கிறது. மாதம் தவறாமல் மீனும் சாகிறது. சுத்தமாக வைத்தும் சாகிறதே என்று அந்த வீட்டு அம்மா வருந்துகிறார். அப்படிச் சுத்தம் செய்ததுதான் காரணம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

பஞ்சைக் கழுவவே கூடாதா? கழுவலாம். தொட்டியிலிருந்து ஒரு வாளியில் எடுத்த நீரில் இரண்டு முறை மெல்லப் பிழிந்தால் போதும். அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அடுத்தது மருந்து. சிவந்த செவுள், மடங்கிய துடுப்பு, அடியில் அசையாமல் கிடப்பது ஆகியவை அம்மோனியாவின் அறிகுறிகள். பார்வைக்கு நோய் போலவே தெரியும். உடனே நீல மருந்தையும் மஞ்சள் தூளையும் ஊற்றுகிறார்கள். கிருமியைக் கொல்லும் மருந்துக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பேதம் தெரியாது. வெள்ளைப்புள்ளி நோய் போன்ற உண்மையான நோய்களும் வரத்தான் செய்யும். நஞ்சால் நலிந்த மீனை அவை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் மருந்துக்கு முன் நீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் அளக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி மீன் கடைகளில் கிடைக்கிறது. சோதனைக் குழாயில் நீரை எடுத்து, சொட்டுவிட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். தொடக்கப்பள்ளிப் பிள்ளையே செய்துவிடலாம். பிளாஸ்டிக் சிப்பியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இதில் போடலாம்.

வேறு காரணங்களும் இல்லாமல் இல்லை. மேற்கு வெயில் விழும் சன்னலோரத்தில் சிறிய தொட்டி எளிதில் சூடேறும். சூடான நீரில் உயிர்வாயு குறைவாகத்தான் கரையும். இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடும் அறையில் நீரின் வெப்பம் தினமும் ஏறி இறங்கி மீனைச் சோர்வடையச் செய்யும். கொசுவுக்கு மருந்துப் புகை அடிக்கும் நாளில், வீட்டுக்குள் பூச்சி மருந்து தெளிக்கும்போது, தொட்டியின் காற்று மோட்டார் அதையும் உறிஞ்சி நீரில் விடும். இந்த மருந்துகளில் உள்ள பைரெத்ராய்டு வகை, மனிதருக்குச் சிறு தீங்கு, மீனுக்குக் கொடிய நஞ்சு. அந்த நேரத்துக்குத் தொட்டியை மூடி, காற்று மோட்டாரை நிறுத்திவிட்டு, அறையில் காற்றோட்டம் வந்த பின் போட வேண்டும்.

வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் வைப்பது தனிக் கொடுமை. சரியாக வளர்த்தால் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து ஒரு சாணைத் தாண்டக்கூடிய மீன் அது. கழிவும் அதிகம். மூன்று லிட்டர் நீரில் அதற்கு எத்தனை நாள்?

ஆறு வாரத்தை எப்படிக் கடப்பது?

சிறந்த வழி, மீன் இல்லாமல் கடப்பது. தொட்டியை வைத்து, குளோரமைன் நீக்கிய நீர் நிரப்பி, வடிகட்டியை இரவு பகலாக ஓடவிட வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்க இரவில் நிறுத்துபவர்கள் அதை விட்டுவிட வேண்டும். இந்த உயிர்களுக்கு உயிர்வாயு இடைவிடாமல் தேவை. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு போடலாம். மீனே இல்லையே, உணவு யாருக்கு? அது அழுகி அம்மோனியா ஆகி, பாக்டீரியாவுக்கு உணவாகும். வாரத்துக்கு இரண்டு முறை சோதித்தால், அம்மோனியா ஏறி இறங்குவதும், நைட்ரைட் ஏறி இறங்குவதும், கடைசியில் நைட்ரேட் தோன்றுவதும் வரிசையாகத் தெரியும். உணவு போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டினால் தொட்டி தயார். பிள்ளைகளிடம் இந்த நிற மாற்றங்களை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். மீன் இல்லாத தொட்டியைப் பார்க்க அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

வேகமாக வளரும் நீர்ச்செடிகளை முதல் நாளே நட்டுவிடுவது பெரிய உதவி. அவை அம்மோனியாவை நேராகவே எடுத்துக்கொள்ளும். மணி பிளாண்ட் கொடியின் வேர் நீரில் படும்படி தொட்டியின் ஓரத்தில் வைத்தாலும் பயனுண்டு.

ஏற்கெனவே மீன் இறக்கியாகிவிட்டது, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், கைவிட வேண்டாம். புதிய மீன் ஒன்றுகூட வாங்காதீர்கள். உணவை இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறையுங்கள். பட்டினி கிடக்கிறதே என்று மனம் கேட்காது. ஆனால் மீன் குளிர் இரத்தப் பிராணி, குறைந்த உணவில் வாரக்கணக்கில் தாங்கும்; அம்மோனியாவைத் தாங்காது. அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரியும் நாட்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் தினமும். புது நீரில் மருந்து கலந்த பிறகே ஊற்ற வேண்டும். வடிகட்டியைத் தொட வேண்டாம். வளர்க்க முடியவில்லை என்று கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ கொண்டுபோய் விடுவது தீர்வல்ல, அது சட்டப்படி குற்றம். மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்.

கடைக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்பவர் வியாபாரம் செய்கிறார். "இன்று தொட்டியை மட்டும் எடுத்துப் போங்கள், மீனுக்கு அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடை வீட்டிலிருந்து நான்கு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தாலும் அங்கே போவது நல்லது. பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டால், பெரும்பாலும் அவரே கொடுப்பார்.

தொட்டி தயாரான பிறகும் மொத்தமாக இறக்கக்கூடாது. இருக்கும் பாக்டீரியாக் கூட்டம், இருக்கும் உணவுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். இரண்டடித் தொட்டி என்றால் முதலில் நான்கைந்து சிறு மீன்கள்; இரண்டு வாரம் கழித்துச் சோதித்துவிட்டு இன்னும் மூன்று. கடையிலிருந்து கொண்டுவந்த பையைக் கட்டு அவிழ்க்காமல் தொட்டி நீரில் 15 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அதில் சேர்க்க வேண்டும். கடைசியில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டு, பை நீரைக் கொட்டிவிட வேண்டும். வழியெல்லாம் மீன் விட்ட கழிவு அதில்தான் இருக்கிறது. முதல் இரவு விளக்கை அணைத்து வையுங்கள்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் வெளியூர் போகிறவர்கள், உணவு டப்பாவை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பாசத்தில் அவர்கள் அள்ளிப் போட்டுவிடுவார்கள். நிலைபெற்ற தொட்டியில் வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் உணவில்லாமல் நலமாக இருக்கும். டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாம். வடிகட்டியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட வேண்டாம்.